கையாலா நடக்கிறேன்? கொழுப்புக்கும் விரல் வீக்கத்துக்கும் என்ன தொடர்பு?

மூட்டும் உடலும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்கு வாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றி எழுதியபோது, "எடையைக் குறைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி" என்று ஒரு வரி வந்திருந்தது. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த இதழ் முழுவதையும் கொழுப்புக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு ஆண்டுகளாக முடக்கு வாதம். உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. முழங்காலுக்காக எடையைக் குறைக்கச் சொன்னால் புரிகிறது. மருத்துவரோ, எடை குறைந்தால் விரல் வீக்கமும் குறையும் என்கிறார். நான் என்ன கையாலா நடக்கிறேன்? (வாசகி, ஈசூன்)

பதில்: நியாயமான கேள்வி. முழங்கால் மேல் ஏறுவது பாரம். விரலுக்குப் போய்ச் சேர்வது வேறு ஒன்று.

கொழுப்பு என்றால் மிஞ்சிய உணவை அடைத்துவைக்கும் கிடங்கு என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1994ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்ததும் அந்த எண்ணம் உடைந்தது. கொழுப்புத் திசு ஒரு சுரப்பி. அது சுரக்கும் பொருள்களுக்கு அடிபோகைன்கள் என்று பொதுப்பெயர். இவை இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும். வயிற்றில் சுரந்தது விரல் கணுவுக்கும் போகும்.

லெப்டினின் முதல் வேலை "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்வது. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். ஆனால் பருமனானவர்களிடம் மூளை அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் பசியும் அடங்காது, இரத்தத்தில் லெப்டினும் இறங்காது. தொல்லை இங்கேதான். லெப்டின் பசி ஹார்மோன் மட்டுமல்ல. அது போய் ஒட்டும் ஏற்பி, அழற்சியை, அதாவது வீக்கம், சூடு, வலியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் ஏற்பிக்கு உறவு. நோய் எதிர்ப்பு அணுக்களில் அந்த ஏற்பி உண்டு. லெப்டின் மிகுந்தால் தாக்கும் வகை டி-அணுக்கள் வலுப்பெறும், தாக்குதலை அடக்கும் வகை தளரும். உங்கள் நோயோ, எதிர்ப்பு அணுக்கள் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்கும் நோய்.

அடுத்தது டி.என்.எஃப்., அழற்சியைத் தூண்டும் இன்னொரு புரதம். முடக்கு வாதத்துக்குப் போடும் அடாலிமுமாப், எட்டானர்செப்ட் ஊசிகள் தடுப்பது இந்தப் பொருளைத்தான். பருத்த எலிகளின் கொழுப்புத் திசு இதே டி.என்.எஃப்.ஐ உண்டாக்குகிறது என்பது 1993லேயே தெரிந்துவிட்டது. மனிதர்களிடமும் அப்படித்தான். கொழுப்பு அணு அளவுக்கு மீறி உப்பும்போது அதற்குப் பிராணவாயு போதாமல் போகிறது, சில அணுக்கள் சாகின்றன. செத்ததை அகற்ற மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் வந்து, சுற்றிலும் மாலைபோல் உட்கார்ந்துகொள்கின்றன. ஒல்லியானவர் கொழுப்பில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் இந்த அணுக்கள், மிகப் பருமனானவரிடம் 40 விழுக்காடுவரை போவதுண்டு. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6, ரெசிஸ்டின் என்ற அடிபோகைன் எல்லாம் பெரும்பாலும் அவற்றிடமிருந்து வருபவை.

ஆக, ஒரு பக்கம் மருந்தால் அணைக்கிறீர்கள், இன்னொரு பக்கம் வயிற்றுக் கொழுப்பு விறகு போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் மருத்துவர் சொன்னதன் பொருள் இதுதான்.

உங்கள் உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 29க்குச் சற்று மேல். சிங்கப்பூரில் 23க்கு மேல் அபாயம் கூடத் தொடங்குவதாகவும், 27.5க்கு மேல் அதிக அபாயம் என்றும் கணக்கு. மேல்நாட்டு அட்டவணையில் 30 என்றிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். தெற்காசிய உடலில் அதே எடைக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதலாக இருக்கும். இடுப்பளவையும் எடுத்துப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்டு முடித்த நேரத்தில் நாடாவை வைக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. பாவாடை, கால்சட்டை அளவை நம்ப வேண்டாம். அதைத் தொப்புளுக்குக் கீழே கட்டுகிறோம்.

முதல் இலக்காக 71ல் 5 விழுக்காடு, அதாவது மூன்றரை கிலோ வையுங்கள். பிறகு 7 கிலோ. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். 5 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களிடம் நோயின் தீவிரமும் தணிவது ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் எடை இறங்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கொழுப்பு இந்த நோயை ஊதிவிடும் காற்று. நெருப்பு மூட்டியது அது மட்டும் அல்ல. மரபணு, புகை என்று வேறு காரணங்களும் உண்டு. ஒல்லியானவர்களுக்கும் முடக்கு வாதம் வருகிறதே!

கேள்வி: என் மனைவிக்கு இப்போது எந்த மூட்டும் வீங்கவில்லை. காலை விறைப்பும் 10 நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஆனாலும் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதம்) 11, 12 என்றே நிற்கிறது. மருந்தைக் கூட்டலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. அவர் எடை 84 கிலோ. (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: சி.ஆர்.பி.யைச் சுரப்பது கல்லீரல். "சுர" என்று கட்டளை இடுவது இன்டர்லூக்கின்-6. இரத்தத்தில் ஓடும் இன்டர்லூக்கின்-6ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. எனவே மூட்டு அமைதியாக இருந்தாலும் பருமனானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சி.ஆர்.பி.யும், அழற்சியைக் காட்டும் இன்னொரு இரத்தச் சோதனையான இ.எஸ்.ஆரும் சற்றுத் தூக்கலாகவே நிற்கலாம்.

மருத்துவர்கள் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். வீங்கிய மூட்டு எத்தனை, வலிக்கும் மூட்டு எத்தனை, சி.ஆர்.பி. அல்லது இ.எஸ்.ஆர். எவ்வளவு, நோயாளி தம் நிலைக்குத் தரும் மதிப்பு என்ன என்ற நான்கையும் சேர்த்த கணக்கு அது. பருமனால் இதில் வீங்கிய மூட்டு எண்ணிக்கை நீங்கலாக மற்ற மூன்று எண்களும் ஏறக்கூடும். ஆகவே, "வீங்கிய மூட்டு எண்ணிக்கை மட்டும் தனியாக எவ்வளவு?" என்று கேளுங்கள். ஐயம் தீராவிட்டால் டாப்ளருடன் கூடிய அல்ட்ராசவுண்ட் நல்ல வழி. மூட்டுச் சவ்வில் இரத்த ஓட்டம் மிகுந்திருந்தால் அழற்சி உண்டு. இல்லையென்றால் மருந்தைக் கூட்டுவதால் பக்கவிளைவுதான் மிச்சமாகும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். "எல்லாம் கொழுப்பால்தான்" என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. அந்த 28 மூட்டுகளில் கணுக்காலும் பாதமும் சேராது. காலை எழுந்ததும் கூழாங்கல் மேல் நடப்பதுபோல் முன்பாதம் உறுத்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள். உறுத்தினால் காலணியைக் கழற்றிப் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பருத்த கையில் லேசான வீக்கம் சதைக்குள் மறைந்துபோவதும் உண்டு. ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று போன்றவையும் சி.ஆர்.பி.யை ஏற்றும்.

அவர் டோசிலிசுமாப் போடுபவராக இருந்தால் கதை நேர்மாறு. அந்த மருந்து இன்டர்லூக்கின்-6ன் வழியையே அடைத்துவிடும். கடும் தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. நல்லபிள்ளையாகக் கீழேயே நிற்கும். எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

கேள்வி: லெப்டின், அடிபோனெக்டின் இரண்டையும் இரத்தத்தில் அளந்து தருகிறார்களாம். எடுக்கலாமா? அடிபோனெக்டின் "நல்ல ஹார்மோன்", அதைக் கூட்ட மாத்திரை உண்டா? (வாசகி, பொங்கோல்)

பதில்: பணத்தைச் செலவழிக்காதீர்கள். அந்த எண்ணை வைத்து எந்த மருத்துவரும் உங்கள் மருந்தை மாற்ற முடியாது. எடைத் தராசும் இடுப்பு நாடாவும் சொல்வதற்கு மேல் அது உங்களுக்கு எதுவும் சொல்லாது.

"நல்ல ஹார்மோன்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான அடிபோகைன்கள்போல் இல்லாமல், அடிபோனெக்டின் கொழுப்பு கூடும்போது குறையும். இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் இரத்தக் குழாய் காக்கவும் அது உதவுகிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லதே. மூட்டுக்குள் போனால் குணம் மாறிவிடுகிறது. முடக்கு வாத நோயாளிகளின் இரத்தத்தில் அது கூடுதலாகவே இருக்கிறது. மூட்டுச் சவ்வின் அணுக்களில் குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளையும் இன்டர்லூக்கின்-6ஐயும் அது தூண்டுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அளவு கூடியவர்களுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பும் கூடுதல்.

இதனால் விசித்திரமான ஒன்று நடக்கிறது. பருமனான நோயாளிகளுக்கு வலியும் வீக்கமும் கூடுதல், நோய் முழுதாக அடங்குவது குறைவு. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு மட்டும் சற்று மெதுவாகப் போகிறது. அவர்களிடம் அடிபோனெக்டின் குறைவாக இருப்பது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். "அப்படியானால் குண்டாகவே இருந்துவிடலாமே" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். முடக்கு வாதம் தனியாகவே மாரடைப்பு அபாயத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது, பருமன் அதை இன்னும் ஏற்றும். எலும்பு அரிப்பைத் தடுக்க மருந்து இருக்கிறது.

கேள்வி: நான் ஒல்லி. எடைக் குறியீடு 21. இந்தப் பேச்செல்லாம் எனக்கு இல்லைதானே? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: தராசு உங்களை ஏமாற்றலாம். நாள்பட்ட அழற்சி தசையைக் கரைக்கும். வலியால் நடமாட்டம் குறைந்தால் இன்னும் கரையும். கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். மொத்த எடை மாறாது. கையும் தொடையும் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கிறதா? கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை தொடர்ந்து எழுந்து உட்கார முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் குறைக்க வேண்டியது எடை இல்லை. தசையைக் கூட்ட வேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் சாப்பிடலாம். 55 கிலோ என்றால் 55 முதல் 66 கிராம். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, நூறு கிராம் தாவ் குவாவில் (கெட்டி டோஃபு) 12, ஒரு கிண்ணம் தயிரில் 7, அரை கப் கெட்டிப் பருப்பில் 8 என்று சேர்த்தால் வந்துவிடும். சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் தண்ணீர்தான் அதிகம்.

புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவதை எட்டு முதல் பத்து முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். ரப்பர்ப் பட்டையை விரலால் இறுகப் பிடித்து இழுத்தால் கணு வலிக்கும். முன்கையில் சுற்றிக்கொண்டு இழுங்கள். காலை விறைப்பு விட்ட பிறகு, பத்து மணிக்கு மேல் அல்லது மாலையில் செய்வது எளிது. சூடாக வீங்கியிருக்கும் மூட்டுக்கு மட்டும் அன்று ஓய்வு. மற்ற மூட்டுகளுக்கு விடுமுறை கிடையாது.

கேள்வி: நடந்தால் பாதம் வலிக்கிறது. சோற்றைக் குறைத்தும் பார்த்துவிட்டேன், எடை அசையவில்லை. எங்கே தப்பு? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: பெரும்பாலும் தப்பு சோற்றில் இருக்காது, குவளையிலும் வாணலியிலும் இருக்கும்.

காப்பிக் கடையில் "தே" (தேநீர்) என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் இனிப்போடு வரும். நாளைக்கு மூன்று முறை குடித்தால் அதுவே ஒரு சிறிய வேளைச் சாப்பாடு. "தே-சி கொசோங்" கேளுங்கள். இனிப்பில்லாத பால், சீனி இல்லை. பால் இல்லாமல் குடிக்க முடிந்தால் "தே-ஓ கொசோங்". நேரடியாகக் கலந்து விற்கும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து, சீனியையும் கொழுப்பையும் பார்த்துத் தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்துவிட்டது. சி, டி என்று போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிப்புக்கு ஊற்றுவதைக் கண்ணால் மதிப்பிட்டால் இரண்டு மூன்று கரண்டி போய்விடும். வாரத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு போத்தலில் அளந்து வைத்துவிடுங்கள். நாளொன்றுக்கு 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அதற்கு மேல் வேகம் வேண்டாம். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் போவதில் கால்வாசிக்கு மேல் தசையாக இருக்கும். தட்டில் பாதி காய், பழம், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம் என்ற சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டு அளவு நம் சாப்பாட்டுக்கும் பொருந்தும். கலந்த சோற்றுக் கடையில் முதலில் இரண்டு காயைக் காட்டுங்கள், குழம்பைத் தனியாகக் கேளுங்கள். தெக்கா சந்தையில் கிடைக்கும் கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, விலை குறைவு, ஒமேகா-3 நிறைவு. பொரிக்காமல் குழம்பில் போடுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு நீச்சல் குளம் பெரிய வரம். நீந்தத் தெரிய வேண்டியதில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் 20 நிமிடம் முன்னும் பின்னும் நடந்தால் போதும், பாதத்தில் பாரம் ஏறாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மாடி ஏறிப் பழகுகிறவர்கள் ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு மின்தூக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா? அது பசியைத் தூண்டும், சர்க்கரையை ஏற்றும், வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "இதை எப்போது, எத்தனை மில்லிகிராமாகக் குறைக்கப் போகிறோம்?" என்று மருத்துவரிடம் தேதியோடு கேளுங்கள்.

கேள்வி: எடை குறைய கொடம்புளி மாத்திரையும், மூட்டு வலிக்கு இணையத்தில் வாங்கிய மூலிகைத் தூளும் சேர்த்துச் சாப்பிடுகிறேன். வலி இரண்டே நாளில் பறந்துவிட்டது. தொடரலாமா? (வாசகி, செங்காங்)

பதில்: தொடரக் கூடாது, இன்றே மருத்துவரிடம் பேசவேண்டிய கேள்வி இது. இரண்டே நாளில் வலி பறந்தால் மூலிகையைச் சந்தேகப்படுங்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்த வலி மருந்துகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் உருண்டுபோவதும் வயிறு பெருப்பதும் அதனால் வரும். மெலிவதற்கென்று விற்பவற்றில், தடைசெய்யப்பட்ட பசியடக்கி மருந்தான சிபுட்ரமின் கலந்ததும் பிடிபட்டிருக்கிறது. அந்தத் தூளைச் சில வாரங்களாகச் சாப்பிட்டு வந்திருந்தால் பொட்டலத்தோடு இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாக இறக்க வேண்டியிருக்கும்.

கொடம்புளி மாத்திரை கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. முடக்கு வாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கும் அது இரட்டைச் சுமை. மீன் குழம்பில் போடும் புளியைச் சொல்லவில்லை, மாத்திரையில் செறிவாக்கியதைச் சொல்கிறோம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். அந்தக் கிழமையைப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். தவறித் தினமும் விழுங்கியவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: முடக்கு வாதத்துக்கான உயிரியல் (பயோலாஜிக்) ஊசி எனக்குச் சரியாக வேலை செய்யவில்லை. 96 கிலோ இருப்பதால் மருந்து போதவில்லையா? எடை குறைக்கும் வாராந்தர ஊசியும் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: பாதி சரி. அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு 40 மில்லிகிராம், 50 கிலோ ஆளுக்கும் 96 கிலோ ஆளுக்கும் அதே அளவு. பெரிய உடலில் மருந்து நீர்த்துப்போவது உண்மை. ஆனால் இன்ஃபிலிக்சிமாப் கிலோவுக்கு இவ்வளவு என்று எடை பார்த்தே போடப்படுகிறது. அதுவும் பருமனானவர்களிடம் குறைவாகவே கேட்கிறது. ஆக, நீர்த்துப்போவது மட்டும் காரணமாகாது. தடுக்கத் தடுக்க டி.என்.எஃப். ஊறிக்கொண்டிருப்பதும் சேர்கிறது. அபாட்டாசெப்ட், ரிட்டுக்சிமாப் போன்று வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளை எடை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மாற்றும் பேச்சு வந்தால் இதைக் கேளுங்கள்.

எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசி மருத்துவர் சீட்டோடு மட்டும் கிடைப்பது. மூட்டுத் தேய்மானமும் பருமனும் உள்ளவர்களிடம் 68 வாரம் நடத்தி 2024ல் வெளியான ஆய்வில் எடையும் முழங்கால் வலியும் நன்கு குறைந்தன. அது தேய்மானத்துக்கான சான்று, முடக்கு வாதத்துக்கு அதையே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை, எடை இரண்டும் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் குமட்டும், இதுவும் குமட்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் எது வயிற்றைப் புரட்டுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்று நான்கு நாள் இடைவெளி விடுங்கள். பசி செத்துப்போவதால் புரதமும் குறைந்து தசை கரையும். மேலே தெம்பனிஸ் வாசகிக்குச் சொன்ன புரதக் கணக்கும் நாற்காலிப் பயிற்சியும் உங்களுக்கும் உண்டு.

கேள்வி: இதற்கெல்லாம் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உண்டா? (வாசகி, ஆங் மோ கியோ)

பதில்: உண்டு. நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் முடக்கு வாதமும் சேர்ந்திருக்கிறது. ஆண்டு வரம்புக்குள் பலதுறை மருந்தகத்திலும் பங்கேற்கும் மருந்தகங்களிலும் பயன்படுத்தலாம். உணவியல் வல்லுநர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் இருவரிடமும் அனுப்பும்படி அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள். போகும்போது இரண்டு வார எடை, இடுப்பளவு, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்ற குறிப்பு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, இவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.